முட்டைக்கோசுக்கு வேம் போட்டேன், ஒன்றுமே நடக்கவில்லை: வேர்ப்பூஞ்சை நிஜமா, கதையா?

கேள்வி: 11 ஜூன் 2024

ஓசூர் பக்கம் ஒன்றரை ஏக்கர் தோட்டம். முட்டைக்கோஸ் நடும்போது ஏக்கருக்கு ஐந்து கிலோ வேம் (VAM என்கிற வேர்ப்பூஞ்சை உரம்) வாங்கி தொழுவுரத்தில் கலந்து போட்டேன். பக்கத்துப் பாத்தியில் போடவில்லை. இரண்டுக்கும் நூலளவு வித்தியாசம்கூட இல்லை. பூஞ்சை வேரோடு சேர்ந்து வாழுது, மணிச்சத்து, அதாவது பாஸ்பரஸ், எடுத்துக் கொடுக்குது என்பதெல்லாம் பாக்கெட் விற்பதற்காகச் சொல்லும் கதை என்றுதான் எனக்குப் படுகிறது. கண்ணால் பார்த்தவர்கள் யாராவது இருந்தால் சொல்லுங்கள்.

பதில்: 11 ஜூன் 2024, இரவு 9.40

நான் பார்த்திருக்கிறேன் அண்ணா. மைக்ராஸ்கோப்பில், என் வெங்காய வேரிலேயே. கதை இல்லை.

ஆனால் நீங்கள் போட்டது முட்டைக்கோசுக்கு. அதுதான் சிக்கல். கடுகு குடும்பம் இந்தப் பூஞ்சையோடு சேராது. கடுகு, முட்டைக்கோஸ், காலிஃபிளவர், முள்ளங்கி, நூல்கோல் எல்லாம் ஒரே குடும்பம். உலகத்துச் செடிகளில் பத்துக்கு ஏழு இந்தப் பூஞ்சையோடு கூட்டு வைக்கிறது, நீங்கள் போட்டது மிச்சம் மூன்றில் விழுந்துவிட்டது. பாக்கெட் நல்லதாகவே இருந்திருக்கலாம், கெட்டதாகவும் இருந்திருக்கலாம், முட்டைக்கோசில் அதைக் கண்டுபிடிக்க வழியே கிடையாது. விற்றவர் என்ன பயிருக்கு என்று கேட்டிருக்க வேண்டும். கேட்காமல் விற்றது தப்பு.

12 ஜூன் 2024

நேற்று கடுகு குடும்பத்தை மட்டும் சொன்னேன், அது முழுசாக இல்லை. கீரையும் உண்டு. தண்டுக்கீரை, அரைக்கீரை, சிறுகீரை, பசலையில் பாலக், அப்புறம் பீட்ரூட். இவையும் பெரும்பாலும் பூஞ்சையைச் சேர்ப்பதில்லை. வீட்டுத் தோட்டக்காரர்கள் முதலில் போடுவது கீரையும் முள்ளங்கியும்தான், இரண்டுமே இந்தப் பட்டியலில் வருகிறது. மாடித்தோட்டத்தில் வேம் போட்டேன் பலன் இல்லை என்று எழுதியிருந்த அக்காவுக்கும் இதுவே பதில்.

நன்றாகச் சேர்ப்பவை: வெங்காயம், பூண்டு, மக்காச்சோளம், சோளம், மரவள்ளி, மிளகாய், தக்காளி, பயறு வகை எல்லாம், கொய்யா, எலுமிச்சை, வாழை.

15 ஜூன் 2024

எப்படி வேலை செய்கிறது என்று மூன்று பேர் கேட்டிருக்கிறீர்கள். எனக்குப் புரிந்த வரை எழுதுகிறேன், கொஞ்சம் நீளும்.

மணிச்சத்து மண்ணில் நகராது. தழைச்சத்து (நைட்ரஜன்) தண்ணீரோடு ஓடி வரும், இது மண் துகளைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிடும், செம்மண்ணில் இரும்போடும் சுண்ணாம்பு மண்ணில் சுண்ணாம்போடும். வேர் தன்னைச் சுற்றி ஒன்றிரண்டு மில்லிமீட்டரில் இருப்பதை உறிஞ்சி முடித்ததும் அந்த இடம் காலி. அதற்கு அப்பால் எவ்வளவு கொட்டிக் கிடந்தாலும் வேருக்கு எட்டாது. பூஞ்சை இழை அங்கே போகிறது. தலைமயிரை விடப் பத்து மடங்குக்கு மேல் மெல்லியது, வேர் நுழைய முடியாத மண் இடுக்கில் எல்லாம் நுழையும், வேரிலிருந்து பல சென்டிமீட்டர் தூரம் போய் மணிச்சத்தை எடுத்துக்கொண்டு வரும். துத்தநாகமும் அப்படித்தான்.

அதற்குக் கூலியாகச் செடி சர்க்கரை கொடுக்கிறது. இலை தயாரிக்கும் உணவில் நூற்றுக்கு நாலு முதல் இருபது வரை கீழே பூஞ்சைக்குப் போகிறது என்று கணக்கு. சின்னக் கூலி இல்லை. நூற்றுக்கு இருபது என்றால் நம் ஊரில் நல்ல குத்தகை.

நான் வெங்காயக்காரன், பெரம்பலூர் மாவட்டம், சின்ன வெங்காயம்தான் மூன்று தலைமுறையாக. வெங்காய வேரை ஒரு தடவை கழுவிப் பாருங்கள். வெள்ளையாக, நூல்கண்டு பிரித்த மாதிரி தடித்த வேர், கிளை கம்மி, வேர்த்தூவி என்பதே இல்லாத மாதிரி வழுவழுவென்று இருக்கும். பக்கத்தில் ஒரு புல்லைப் பிடுங்கி அதன் வேரையும் கழுவி வையுங்கள், பஞ்சு மாதிரி மயிர்மயிராக இருக்கும். புல்லுக்குச் சொந்தக் கை நிறைய, வெங்காயத்துக்குக் கை இல்லை, அதனால் அது பூஞ்சையை நம்பித்தான் பிழைக்கிறது. மரவள்ளியும் இதே ரகம். சேலம், நாமக்கல் நண்பர்கள் பிடுங்கும்போது பாருங்கள், அதற்கும் தடித்த வேர்தான்.

16 ஜூன் 2024

பாஸ்போபாக்டீரியாவும் வேமும் ஒன்றா என்று கேட்ட தம்பிக்கு: இல்லை. பாஸ்போபாக்டீரியா கரையாத மணிச்சத்தைக் கரைக்கும், கரைத்த இடத்திலேயே விடும். வேம் இருக்கும் இடத்துக்குப் போய்த் தூக்கி வரும். இன்னொரு பெரிய வித்தியாசம், பாக்டீரியாவை ஆய்வுக்கூடத்தில் சும்மா ஊட்டக் குழம்பில் வளர்த்துவிடலாம். வேம் பூஞ்சை உயிருள்ள வேர் இல்லாமல் வளராது. அதனால்தான் தொட்டியில் மக்காச்சோளம் போட்டு, அந்த வேரையும் மண்ணையும் சேர்த்து நறுக்கிக் காயவைத்துப் பொட்டலம் கட்டுகிறார்கள். வேம் பாக்கெட் கைக்கு மண் மாதிரி, வெர்மிகுலைட் என்ற கனிமத் துகள் மாதிரி நெருநெருவென்று இருப்பது அதனால்தான். திரவமாக லிட்டர் கணக்கில் மலிவாக யாராவது கொடுத்தால் எப்படித் தயாரித்தீர்கள் என்று ஒரு கேள்வி கேளுங்கள். வேரை மட்டும் கண்ணாடிக் குப்பியில் வளர்த்து அதில் பூஞ்சையை ஏற்றும் முறை ஒன்று உண்டு, டெல்லி டெரி நிறுவனம் அதில் பேர் போனது. அந்த முறையிலும் வேர் இருந்தே ஆக வேண்டும்.

23 ஜூன் 2024

இதை எழுதுவதா வேண்டாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். இந்தப் பூஞ்சையை நான் தேடிப் படித்ததற்குக் காரணமே இதுதான்.

2016 கடைசியில் மழை பொய்த்துக் கிணறு வற்றியபோது மேற்குக் காட்டை, ஒன்னேகால் ஏக்கர், அப்படியே போட்டுவிட்டோம். அப்பா சொன்னார், தரிசு கிடந்தா மண்ணு ஓய்வெடுக்கும், களை மட்டும் ஏறவிடாதே என்று. நான் அதைச் சிரத்தையாகச் செய்தேன். மழை விழுந்து புல் முளைத்ததும் ரொட்டோவேட்டர் விட்டு உழுதுவிடுவேன். இரண்டு வருடம். காடு துடைத்து வைத்த களம் மாதிரி சுத்தமாக இருந்தது, போகிற வருகிறவர்கள் பாராட்டினார்கள்.

அப்புறம் தண்ணீர் வந்து வெங்காயம் நட்டோம். விதை வெங்காயம் எங்கள் வெங்காயச் சேமிப்புப் பட்டறையிலேயே இருந்தது, கிழக்குக் காட்டிலும் அதே விதை. கிழக்கில் நன்றாக வந்தது. மேற்கில் முளைத்து நாலு தாள் வந்ததும் நின்றுவிட்டது. தாள் ஊசி மாதிரி, நுனி காய்ந்து, கரும்பச்சையாக, வளர மாட்டேன் என்று நிற்கிறது. திருகல் நோயா என்று பார்த்தோம், திருகல் இல்லை. கூடுதலாக டிஏபி, மணிச்சத்து நிறைந்த உரம், போட்டோம். கொஞ்சம் தேறியது, ஆனால் காய் கோலி அளவு தாண்டவில்லை. அந்த வருடம் கடனுக்கு அம்மாவின் நகை போனது. ஓய்வெடுத்த மண்ணில் ஏன் இப்படி என்று அப்பா தினமும் வரப்பில் உட்கார்ந்து பார்ப்பார்.

ஒட்டினாற்போல் சித்தப்பா காடு, அவரும் அதே இரண்டு வருடம் தரிசு போட்டவர்தான். ஆனால் அவர் உழவே இல்லை. கோரை, கொழுஞ்சி, அருகு, என்னென்னவோ இடுப்பு உயரத்துக்குக் கிடந்தது, ஆடு மேய்ந்தது. அவர் வெங்காயம் நன்றாக வந்தது.

பின்னால்தான் படித்தேன். ஆஸ்திரேலியாவில் குவீன்ஸ்லாந்தில் டார்லிங் டவுன்ஸ் என்று ஒரு கரிசல் சீமை இருக்கிறது. அங்கே ஈரம் சேமிக்க ஒரு வருடத்துக்கும் மேலாக நிலத்தைப் புல் பூண்டு இல்லாமல் சுத்தமாகப் போட்டு வைப்பார்கள், அடுத்துப் போடும் சூரியகாந்தியும் ஆளியும் மக்காச்சோளமும் காரணமே தெரியாமல் குட்டையாக நின்றுவிடும். நீண்ட தரிசுக் கோளாறு என்றே அதற்குப் பெயர். நோய்க்கிருமியாக இருக்கும் என்று பல காலம் தேடியிருக்கிறார்கள். 1987ல் ஜே. பி. தாம்சன் என்ற ஆய்வாளர் எழுதினார்: கிருமி கூடுதலாக இருந்ததால் வந்த கோளாறு இல்லை இது, இருக்க வேண்டிய பூஞ்சை செத்துப்போனதால் வந்தது. வேர் இல்லாத மண்ணில் அது பட்டினி கிடந்து குறைந்துவிடுகிறது, மணிச்சத்து இருந்தும் பயிருக்கு எடுத்துக் கொடுக்க ஆள் இல்லை.

அதைப் படித்தபோது எனக்குக் கை நடுங்கியது. மேற்குக் காடு அச்சு அசலாக அப்படியே.

24 ஜூன் 2024

நேற்று எழுதியதற்கு ஒருவர், சித்தப்பா காட்டில் ஆட்டுச் சாணம் விழுந்திருக்கும், அதனாலும் இருக்கலாமே என்று கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. இருக்கலாம். அன்றைக்கு நான் வேரை எடுத்துச் சோதிக்கவில்லை, அதனால் பூஞ்சை இல்லாததுதான் காரணம் என்று சத்தியம் செய்ய முடியாது. ஆனால் அறிகுறி மணிச்சத்துப் பற்றாக்குறை, மண் பரிசோதனைச் சீட்டில் மணிச்சத்து நடுத்தரம், டிஏபி போட்டதும் பாதி தேறியது. மூன்றும் ஒரே பக்கம் கை காட்டுகிறது.

அப்பா சொன்னது முழுத் தப்பும் இல்லை. அவர் காலத்துத் தரிசு களை முளைத்த தரிசு, ஏர் ஓட்டுவதே கோடை மழைக்கு ஒரு தடவைதான். ரொட்டோவேட்டர் வந்த பிறகு அதே வார்த்தைக்கு வேறு அர்த்தம் ஆகிவிட்டது.

2 ஜூலை 2024

மரங்கள் பூஞ்சை வழியாகப் பேசிக்கொள்கின்றன, தாய் மரம் குட்டிக்குச் சோறு ஊட்டுகிறது என்று ஒரு வீடியோவைப் போட்டு, இது உண்மைதானே என்று கேட்டிருக்கிறீர்கள். எனக்கும் அந்த வீடியோ பிடித்திருந்தது, அதனால்தான் தேடிப் பார்த்தேன்.

ஆரம்பம் உண்மை. 1997ல் கனடாவில் பிரிட்டிஷ் கொலம்பியாவில் சூசன் சிமார்டும் கூட இருந்தவர்களும் பிர்ச் மரக் கன்றுக்கும் டக்ளஸ் ஃபிர் கன்றுக்கும் தனித்தனி அடையாளம் இட்ட கரியமில வாயு கொடுத்து, ஒன்றிலிருந்து இன்னொன்றுக்குக் கார்பன் போவதைக் காட்டினார்கள். நேச்சர் இதழில் வந்தது. அதற்கு மேல் தாய்ப்பாசம், எச்சரிக்கை மணி என்று சொல்வதெல்லாம் காட்டில் இன்னும் உறுதியாகவில்லை. 2023ல் ஜஸ்டின் கார்ஸ்ட், மெலனி ஜோன்ஸ், ஜேசன் ஹோக்செமா மூன்று பேரும் இதுவரை வந்த கள ஆய்வுகளை எல்லாம் எடுத்துப் பார்த்து, சொல்லப்படுகிற அளவுக்குச் சான்று இல்லை என்று எழுதினார்கள். இதில் மெலனி ஜோன்ஸ் அந்த 1997 கட்டுரையையே சேர்ந்து எழுதியவர். தான் பங்கெடுத்த வேலையைப் பற்றியே இப்படி எழுத ஒரு மனசு வேண்டும், எனக்கு அவர் மேல் பெரிய மரியாதை.

இன்னொன்று, அந்த மரக்காட்டுப் பூஞ்சை வேறு, நம் வயல்காட்டுப் பூஞ்சை வேறு. நம்முடையது வேரின் செல்லுக்குள்ளேயே நுழையும். அங்குள்ளது வேர் நுனிக்குச் சாக்ஸ் மாட்டின மாதிரி வெளியே போர்த்திக்கொண்டு செல்களுக்கு இடையில் வலை பின்னும், செல்லுக்குள் போகாது. வேர்ப்பூஞ்சைகளில் காளான் முளைப்பதும் பெரும்பாலும் அந்த வகைதான். வேம் பூஞ்சையில் காளானே வராது.

5 ஜூலை 2024

கொடைக்கானல் பைன் காட்டுக்குள் காளான் கொத்துக் கொத்தாக இருப்பதைப் பார்த்ததாக ஒருவர் எழுதியிருக்கிறார். ஆமாம், பைன் அந்தச் சாக்ஸ் வகைதான். பைன் நம் மண்ணுக்குச் சொந்தம் இல்லாத மரம், அதன் பூஞ்சையும் கூடவே வந்தால்தான் பிழைக்கும். போர்ட்டோ ரிக்கோ தீவில் 1950களில் பைன் நட்டு நட்டு ஓரடிக்கு மேல் வளராமல் மஞ்சளாகச் செத்திருக்கிறது. பிறகு அமெரிக்காவிலிருந்து பைன் காட்டு மண்ணைக் கொஞ்சம் கொண்டுவந்து போட்டதும் வளர்ந்தது.

இந்தக் கூட்டுக்குப் பேர் வைத்த கதையும் காளானில்தான் தொடங்குகிறது. ஜெர்மனியில் பிரஷ்ய அரசு, மண்ணுக்குள் விளையும் டிரஃபிள் என்ற விலை உயர்ந்த காளானைப் பயிராக்க முடியுமா பாருங்கள் என்று ஆல்பர்ட் பெர்ன்ஹார்ட் ஃபிராங்க் என்ற தாவரவியலாளரிடம் கேட்டது. அவர் டிரஃபிளை விளைவிக்கவில்லை. தோண்டிய இடத்தில் எல்லாம் மர வேர் நுனியில் பூஞ்சை போர்த்தியிருப்பதைப் பார்த்தார், 1885ல் கிரேக்கத்தில் பூஞ்சை, வேர் என்ற இரண்டு சொல்லையும் சேர்த்து மைக்கோரைசா என்று பேர் வைத்தார். பூஞ்சை என்றாலே நோய் என்று இருந்த காலத்தில், இது மரத்துக்குத் தாதி மாதிரி வேலை செய்கிறது என்று அவர் சொன்னதைப் பலரும் ஏற்கவில்லை.

சரி, வெங்காயத்துக்கு வருவோம்.

19 ஆகஸ்ட் 2024

வெங்காயத்துக்கு வராமல் சோளத்துக்குப் போகிறேன், மன்னிக்கவும். சோளக்காட்டில் சுடுமல்லி என்ற ஒட்டுண்ணிக் களை வந்து பாழாகிறது என்று தர்மபுரி நண்பர் எழுதியிருந்தார், அதற்கும் இந்தப் பூஞ்சைக்கும் நேரான தொடர்பு உண்டு.

மணிச்சத்துப் பசி வந்த வேர் மண்ணில் ஒரு வேதிப்பொருளைக் கசியவிடும். அதன் பேர் ஸ்டிரைகோலாக்டோன். சுடுமல்லி விதை மண்ணில் வருடக்கணக்கில் தூங்கும், இந்தப் பொருள் பட்டால் மட்டும் முளைத்து வேரைப் பிடித்துக்கொள்ளும். 1966லேயே பருத்தி வேரிலிருந்து இதைப் பிரித்துவிட்டார்கள். ஆனால் தன்னைக் கொல்கிற ஒட்டுண்ணியை எழுப்பும் பொருளை ஒரு செடி ஏன் தயாரிக்க வேண்டும் என்ற கேள்விக்கு நாற்பது வருடம் பதில் இல்லை. 2005ல் ஜப்பானில் அகியாமா குழு கண்டுபிடித்தது, அது பூஞ்சையைக் கூப்பிடும் குரல். அந்தப் பொருள் பட்டதும் பூஞ்சை இழை கிளைகிளையாகப் பிரிந்து வேரைத் தேடி வருகிறது. சுடுமல்லி அந்தக் கூப்பாட்டை ஒட்டுக் கேட்டு முந்திக்கொண்டு வருகிறது.

மெலிந்த மண்ணில் சுடுமல்லி அதிகம் என்று பெரியவர்கள் சொல்வது இதோடு பொருந்துகிறது, பசித்த வேர்தான் சத்தமாகக் கூப்பிடும். பருத்தி போட்டால் அடுத்த வருடம் சுடுமல்லி குறையும் என்பதற்கும் இதுவே காரணம். பருத்தி வேர் விதையை எழுப்பிவிடும், ஆனால் சுடுமல்லியால் பருத்தியில் ஒட்ட முடியாது, முளைத்து அப்படியே சாகும். சோளம், பருத்தி என்று மாற்றி மாற்றிப் போடுங்கள் தர்மபுரி அண்ணா.

20 அக்டோபர் 2024

ஐப்பசிப் பட்டம் நட்டாயிற்று. மேற்குக் காட்டில் எட்டு பாருக்கு (நடவு வரிசைக்கு) மட்டும் வேம் போட்டு, எட்டு பாருக்குப் போடாமல், இரண்டுக்கும் நடுவில் நாலு பார் விட்டு, வேம் போட்டதில் கம்பு ஊன்றித் துணி கட்டியிருக்கிறேன். அடியுரத்தில் டிஏபியைப் பாதியாக்கிவிட்டேன், மணிச்சத்து கொட்டிக் கிடந்தால் செடி பூஞ்சையை உள்ளே விடாது, வீட்டில் சோறு இருக்கும்போது கூலி கொடுத்து ஏன் ஆள் வைக்க வேண்டும்.

விதை நேர்த்தி பற்றி ஒரு எச்சரிக்கை. வெங்காயத்தைக் கார்பென்டசிம் என்ற பூஞ்சைக்கொல்லிக் கரைசலில் முக்கி நட்டுவிட்டு அதே குழியில் வேம் போடுகிறவர்கள் நிறையப் பேர். அந்த மருந்து கெட்ட பூஞ்சை, நல்ல பூஞ்சை என்று பார்க்காது. நான் இந்தத் தடவை நோய்ப் பூஞ்சையை அடக்கும் டிரைக்கோடெர்மா என்ற நல்ல பூஞ்சைக் கரைசலில்தான் முக்கினேன். அழுகல் பயம் மனதில் இருக்கிறது, நடந்ததை மறைக்காமல் எழுதுகிறேன்.

மேற்குக் காடு இப்போது சும்மா கிடப்பதே இல்லை, அதையும் சொல்ல வேண்டும். வெங்காயம் எடுத்ததும் மக்காச்சோளம், கோடையில் கொழுஞ்சி. கோடை மழைக்கு முளைக்கிற புல்லையும் நடவுக்கு மூன்று வாரம் முன்பு வரை தொடுவதில்லை.

8 டிசம்பர் 2024

அக்கா மகள் தாவரவியல் முதுகலை படிக்கிறாள், வார விடுமுறைக்கு வந்தவளிடம் வேரைக் கொடுத்து அனுப்பினேன், பிறகு நானே கல்லூரிக்குப் போய்ப் பார்த்தேன். எப்படிச் செய்தோம் என்று எழுதுகிறேன், ஆய்வுக்கூட வசதி உள்ள யாரும் செய்யலாம்.

துணி கட்டிய பாரில் ஐந்து செடி, கட்டாத பாரில் ஐந்து செடி. மண்ணை வாளித் தண்ணீரில் ஊறவைத்துத்தான் வேரை எடுத்தோம், பிடுங்கினால் மெல்லிய வேர் மண்ணிலேயே தங்கிவிடும். விரல் கணு நீளத்துக்கு நறுக்கி, நூற்றுக்குப் பத்து பொட்டாசியம் ஹைட்ராக்சைடு கரைசலில் போட்டு வெந்நீருக்குள் வைத்துச் சூடாக்கினாள், கையுறை போட்டுத்தான், தோலில் பட்டால் வெந்துவிடும். வேருக்குள் இருந்த சாறெல்லாம் போய் சேமியா மாதிரி கண்ணாடியாக ஆனது. அலசிவிட்டு, வினிகரில் நூற்றுக்கு ஐந்து பங்கு பேனா மை கலந்து மூன்று நிமிடம் கொதிக்கவைத்தாள். எழுதுகிற மைதான், கடையில் வாங்கியது. வினிகர் சொட்டு விட்ட தண்ணீரில் அலசியதும் வேரில் இருந்த மை போய்விட்டது, பூஞ்சையில் ஏறிய மை போகவில்லை.

லென்ஸுக்குக் கீழே வைத்தாள். முதலில் செங்கல் அடுக்கிய சுவர் மாதிரி வேரின் செல்கள். அந்த வரிசைக்கு நடுவில் நீல நூல் நீளமாக ஓடுகிறது, ஓடி ஓடி ஒரு இடத்தில் பக்கத்து செல்லுக்குள் திரும்புகிறது. அந்த செல்லுக்குள் நிறைத்துக்கொண்டு ஒரு குட்டி மரம். கொத்தமல்லித் தழையை மையில் முக்கிக் காகிதத்தில் அழுத்தி எடுத்தால் எப்படி இருக்கும், அப்படிக் கிளைத்து கிளைத்து நுனி தெரியாமல் போகிறது. மணிச்சத்து கைமாறுவது அந்த மரத்தின் மேல்தான். ஒரு மரம் சில நாள்தான் இருக்கும், பிறகு செடியே அதைக் கரைத்துவிடும், வேறு செல்லில் புதிதாக முளைக்கும். இடையிடையே முட்டை வடிவத்தில் பைகள், எண்ணெய் சேமித்து வைக்கும் இடம்.

ஸ்காட்லாந்தில் ரைனி என்ற ஊரில் கல்லாகிப்போன செடிகள் கிடைத்தன, நாற்பது கோடி வருடத்துக்கு முந்தியவை, வேர் என்ற உறுப்பே இன்னும் சரியாக உருவாகாத செடிகள். அந்தக் கல்லுக்குள்ளும் இதே குட்டி மரம் இருக்கிறது, 1994ல் எழுதியிருக்கிறார்கள். அதைப் படம் பார்த்திருந்தேன். அதே உருவம் என் காட்டு வெங்காயத்தில். எவ்வளவு நேரம் குனிந்து நின்றேன் என்று தெரியவில்லை, கழுத்து வலிக்கிறது மாமா எழுந்திருங்கள் என்று அவள்தான் சொன்னாள்.

முடிவு: இரண்டு வகைப் பாருக்கும் வித்தியாசம் இல்லை. வேம் போட்ட பாரிலும் நிறைய, போடாத பாரிலும் கிட்டத்தட்ட அதே அளவு.

9 டிசம்பர் 2024

நேற்று இரவு தூங்கவில்லை, இதையே யோசித்துக்கொண்டிருந்தேன். ஜூனில் நான் எழுதியதைப் படித்தால், வேம் வாங்கிப் போட்டால் எல்லாம் சரியாகிவிடும் என்கிற தொனி இருக்கிறது. அதைத் திருத்த வேண்டும்.

மேற்குக் காட்டில் பூஞ்சை தானாகவே திரும்பிவிட்டது. நாலைந்து வருடமாக வேர் ஓயாமல் மண்ணில் இருந்ததே அதற்குப் போதும். உயிருள்ள மண்ணில் ஏற்கெனவே ஊர்ப் பூஞ்சை இருக்கும்போது பாக்கெட்டில் வருகிறது உள்ளே நுழைந்து என்ன செய்துவிடும்? அப்படியென்றால் பாக்கெட்டே வேண்டாமா என்றால், எனக்கு இப்போது தோன்றுவது: பூஞ்சை இல்லாத இடத்தில்தான் அதற்கு வேலை. குழித்தட்டில் தென்னை நார்க்கழிவில் வளர்க்கிற மிளகாய், தக்காளி நாற்று, அதில் மண்ணே இல்லை, பூஞ்சை எங்கிருந்து வரும். அப்புறம் திசு வளர்ப்பு வாழைக் கன்று. சுரங்கம் தோண்டிக் கொட்டிய மண், மேல்மண் வழித்து எடுத்த நிலம். அங்கே கொஞ்சம் போட்டால் நிறையப் பலன், நாற்றங்காலுக்கு என்றால் ஏக்கருக்கு ஆகும் செலவில் சொற்பம்தான்.

11 டிசம்பர் 2024

இன்னொரு திருத்தம். செடி கூலியாகச் சர்க்கரை கொடுக்கிறது என்று ஜூனில் எழுதினேன். அக்கா மகள் சொன்னாள், சர்க்கரை மட்டும் இல்லை மாமா, கொழுப்பும் கொடுக்கிறது என்று. இந்தப் பூஞ்சைக்குக் கொழுப்பு அமிலம் தயாரிக்கும் அடிப்படை மரபணுவே கிடையாது, செடி தயாரித்துக் கொடுக்கிறது, 2017ல்தான் தெரிந்தது. அந்த முட்டைப் பைகளில் பார்த்த எண்ணெயும் வெங்காயத்திடமிருந்து வந்ததுதான். வேர் இல்லாமல் ஏன் வளர்க்க முடியவில்லை என்பதற்கும் இது ஒரு பெரிய காரணம்.

செடியோ பூஞ்சையோ ஏமாற்றினால் என்ன ஆகும் என்று கேட்டீர்கள். 2011ல் டோபி கியர்ஸ் குழு பார்த்தது, மணிச்சத்து கூடுதலாகக் கொண்டுவரும் பூஞ்சைக்குச் செடி கூடுதல் உணவு அனுப்புகிறது, பூஞ்சையும் நன்றாகக் கொடுக்கிற வேருக்கே மணிச்சத்தைத் திருப்புகிறது. இரண்டு பக்கமும் கணக்குப் பார்க்கிறார்கள், அதனால்தான் இத்தனை கோடி வருடம் ஓடுகிறது.

14 ஜனவரி 2025

பொங்கலுக்கு முன் வெங்காயம் எடுத்தாயிற்று. டிஏபி பாதி போட்டும் காய் குறையவில்லை, போன ஐப்பசிப் பட்டத்து மூட்டைக் கணக்குக்கு ஒன்றிரண்டு முன்னே பின்னேதான். இரண்டு பாரில் அழுகல் வந்தது, துணி கட்டியதில் ஒன்று, கட்டாததில் ஒன்று. அப்பாவை வண்டியில் கூட்டிப்போய்க் காட்டினேன். ஒரு கொத்தைப் பிடுங்கி, மண்ணைத் தட்டி, வேரைத் தடவிப் பார்த்துக்கொண்டே இருந்தார்.

2 பிப்ரவரி 2025

முதலில் கேட்ட ஓசூர் அண்ணா திரும்ப எழுதியிருக்கிறார். மூன்று வருடமாக முட்டைக்கோஸ், காலிஃபிளவர், திரும்ப முட்டைக்கோஸ் என்றே போட்டுவந்தாராம், இந்தத் தடவை தக்காளி நட்டால் நாற்று முதல் மாதம் ஊதா நிறம் ஓடி நிற்கிறதாம்.

அண்ணா, உங்கள் காட்டில் பயிர் இருந்தும் பூஞ்சைக்கு மூன்று வருடம் தரிசுதான், கோசு வேரில் அதற்கு இடம் இல்லையே. ஊதா நிறம் குளிராலும் வரும், உங்கள் ஊரில் இப்போது குளிர் வேறு, அதனால் வேரைப் பார்க்காமல் முடிவு கட்ட வேண்டாம். தக்காளியில் நாலு செடி, வரப்போரம் புல் ஒரு கொத்து, இரண்டையும் மண்வெட்டியால் அகலமாக வெட்டி எடுத்து, தண்ணீரில் ஊறவைத்துக் கழுவி, மெல்லிய வேராகப் பார்த்து ஒரு கைப்பிடி தனித்தனிப் பாட்டிலில் வினிகர் கலந்த தண்ணீரில் போட்டு அனுப்புங்கள். பாட்டிலில் பென்சிலால் எழுதி ஒட்டுங்கள், பேனா கரைந்துவிடும். அக்கா மகளுக்கு 20 தேதி வரை தேர்வு, அதற்குப் பிறகு பார்த்துவிடுவாள். அதுவரை ஒரு வரிசைக்கு மட்டும் டிஏபியைக் கொஞ்சமாகக் கரைத்து ஊற்றி வையுங்கள். அந்த வரிசை மட்டும் பச்சை திரும்பினால் எனக்கு எழுதுங்கள்.